ஆடிக்காற்றில் செட்டிநாட்டைச் சைக்கிளில் சுற்றலாமா?

ஆடி மாதத்தில் மூன்று நாள் விடுமுறை கிடைத்திருக்கிறது, காரைக்குடியில் தங்கப்போகிறீர்கள், அதில் ஒரு நாளை முழுக்கச் சைக்கிளுக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு 8 மணிக்குக் கிளம்பி வடக்கே திருமயம் கோட்டை, அங்கிருந்து திருப்பத்தூர், பிறகு பிள்ளையார்பட்டி, குன்றக்குடி வழியாக மாலையில் காரைக்குடி. மொத்தம் 75 கிலோமீட்டர் அளவில் வரும். மலை ஏற்றம் எதுவும் இல்லை, சமவெளிதான், காற்றைப் பற்றி இவ்வளவு பேர் பயமுறுத்துவது சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம், தாராளமாகப் போகலாம். இதே வட்டத்தைத் தலைகீழாகச் சுற்றுங்கள், 8 மணிக்குப் பதிலாக 5:15க்குக் கிளம்புங்கள். இந்த இரண்டு மாற்றத்தைச் செய்தால் நீங்கள் நினைத்ததைவிட அருமையான நாளாக இருக்கும். செய்யாவிட்டால் மத்தியானம் ஏதோ ஒரு புளியமரத்தடியில் சைக்கிளைப் போட்டுவிட்டு, குட்டியானை வண்டி வருமா என்று சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காரணம் தெரிந்தால் நாளைக்கு வேறு வழியில் போனாலும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நமக்கு வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. மழையை மேற்குத்தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, வறண்டு, வேகம் குறையாமல் இங்கே வருகிறது. செட்டிநாட்டில் அதைத் தடுக்க ஒன்றும் இல்லை. செம்மண் பொட்டல், ஆங்காங்கே பனை, சீமைக்கருவேல், வற்றிப்போன கண்மாய், அவ்வளவுதான். நமக்குக் கண்மாய் நிறைவது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையில்; ஆடியில் பெரும்பாலான கண்மாய்கள் வெடித்த தரையோடு கிடக்கும். அந்த அகலமான வெற்றுத்தரையைக் கடந்து வரும் காற்று புழுதியையும் சேர்த்துக்கொண்டு வரும். திசை பெரும்பாலும் தென்மேற்கு, சில நாள் நேர் மேற்கு.

இப்போது வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். காரைக்குடிக்கு ஏறக்குறைய நேர் வடக்கே திருமயம். மேற்கே, சற்று வடக்கு ஒதுங்கி, திருப்பத்தூர். ஆக, திருமயத்திலிருந்து திருப்பத்தூர் போவது என்றால் தென்மேற்கை நோக்கிப் போவது. அதாவது காற்று வரும் திசைக்கு நேராக மூக்கை நீட்டிக்கொண்டு போவது. நீங்கள் 8 மணிக்குக் கிளம்பி, கோட்டையைப் பார்த்துவிட்டு, அந்தச் சாலையில் ஏறும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும். காற்று உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும் நேரம். ஒரு வருடத்தில் இந்தச் சாலையை மிதிக்க மிக மோசமான மாதத்தையும், ஒரு நாளில் மிக மோசமான நேரத்தையும், மூன்றாவதாக மிக மோசமான திசையையும் உங்கள் திட்டம் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது.

இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். பத்து வருடம் இருக்கும். நானும் என் மைத்துனரும் இதே வட்டத்தை இதே திசையில் சுற்றினோம். இரண்டு பேருக்கும் நல்ல பழக்கம், கால் வலு குறைவில்லை. திருமயத்தில் 10:45க்குக் கிளம்பினோம். திருப்பத்தூர் பேருந்து நிலையம் வந்து சேர்ந்தபோது மணி 2:10. முப்பது கிலோமீட்டர் கூட வராத தூரம். வேகம் காட்டும் மீட்டரில் 8, 9 என்றே நின்றது. கீழச்சிவல்பட்டிக்கு முன்னால் ஒரு கண்மாய்க் கரை ஓரம் இறங்கி உட்கார்ந்துவிட்டோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, காத்து இன்னும் ஏறுமே தவிர எறங்காது. போறதுன்னா இப்பவே போங்க, இல்லன்னா பொழுது சாயட்டும்னு படுத்துருங்க.” வானிலைப் பாடம் முழுவதையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார் என்பது பிறகுதான் புரிந்தது.

அவர் சொன்னதற்குப் பின்னால் உள்ள விஷயம் இது. இரவில் தரை குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, ஒரு போர்வை மாதிரி படிந்துவிடுகிறது. மேலே சில நூறு மீட்டர் உயரத்தில் பருவக்காற்று இரவு முழுக்க வேகமாக ஓடிக்கொண்டேதான் இருக்கும். கீழே அது இறங்குவதில்லை. சூரியன் ஏறித் தரை சூடானதும் கீழ்க்காற்று சூடாகி எழும்புகிறது, மேலே ஓடும் வேகக்காற்று கீழே இறங்கிக் கலக்கிறது. அதனால்தான் விடியற்காலையில் இலை அசையாத இடத்தில் 9, 10 மணிக்குப் பனையோலை சலசலக்க ஆரம்பிக்கிறது, மத்தியானம் 1 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் கூரையைப் பிய்க்கிற மாதிரி அடிக்கிறது, பொழுது சாயும்போது தானாக அடங்குகிறது. வானிலைச் செயலி எல்லாம் பார்க்காமலே இந்த அட்டவணையை நம்பலாம். வெறுமனே கிளம்பும் நேரத்தை ஏறக்குறைய மூன்று மணி நேரம் முன்னால் தள்ளுவதால் எதிர்காற்றில் பாதியை நீங்கள் சந்திக்கவே மாட்டீர்கள்.

அடுத்து, எதிர்காற்று ஏன் இவ்வளவு கொடுமை என்பது. சைக்கிளில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, காற்றே இல்லாவிட்டாலும் நம் முகத்தில் 20 கிலோமீட்டர் காற்று படுகிறது. எதிரே 20 கிலோமீட்டர் காற்று வீசினால் படுவது 40. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால், தடை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். அதே காற்று முதுகில் அடித்தால் உங்கள் மேல் படும் காற்று ஏறக்குறைய சுழியம். டயர் உருளும் சத்தம் காதில் கேட்கும், வியர்வை கூட காயாது.

“போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று, கூட்டிக் கழித்தால் சரியாகிவிடுமே” என்று பலர் நினைக்கிறார்கள். சரியாகாது. 30 கிலோமீட்டர் போய் 30 கிலோமீட்டர் திரும்புகிறீர்கள் என்று வையுங்கள். காற்றில்லாத நாளில் 20 கிலோமீட்டர் வேகம், 3 மணி நேரம். காற்றுள்ள நாளில் போகும்போது 12, வரும்போது 28 என்று வைத்துக்கொண்டால், போக இரண்டரை மணி நேரம், வர ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மொத்தம் 3 மணி 34 நிமிடம். ஏனென்றால் மெதுவான பாதியில்தான் நாம் அதிக நேரம் இருக்கிறோம். எதிர்காற்றில் கழிவது மணிக்கணக்கு, பின்காற்றில் கிடைப்பது நிமிடக்கணக்கு. ஆகவே எதிர்காற்றுப் பகுதியைக் காற்று எழும்பாத நேரத்தில் முடித்துவிடுவது ஒன்றுதான் வழி.

சரி, வழிக்கு வருவோம். 5:15க்குக் காரைக்குடியில் முன்விளக்கும் பின்விளக்கும் எரிய மேற்கே கிளம்புங்கள். குன்றக்குடி மலை தெரியும்போது வெளிச்சம் வந்துவிடும். பிள்ளையார்பட்டியில் காலைக் கூட்டம் சேர்வதற்கு முன் கற்பக விநாயகரைக் கும்பிட்டுவிடலாம். குடைவரைக் கோயில், உள்ளே நிற்கும்போது பாறையின் குளிர்ச்சி தெரியும். அடுத்த சில கிலோமீட்டரில் வைரவன்பட்டி. நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) ஒன்பது கோயில்களில் பிள்ளையார்பட்டியும் இதுவும் இரண்டு. நேரமில்லை என்றால் மற்றதை விடுங்கள், வைரவன்பட்டியை விடாதீர்கள்; கூட்டம் குறைவு, கல்வேலை நிதானமாக நின்று பார்க்க வேண்டியது. எல்லாம் நின்று நின்று வந்தாலும் 8 மணிக்குள் திருப்பத்தூர், சுமார் 22 கிலோமீட்டர். எதிர்த்திசையில் போக வேண்டியதை முடித்துவிட்டீர்கள். காற்று இப்போதுதான் கண் விழிக்கும். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்ட ஊர் இது. நினைவிடத்தில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, வயிறு நிறையச் சாப்பிடுங்கள். இட்லி, பொங்கல் எதுவானாலும் சரி, நிதானமாக.

திருப்பத்தூரில் வடகிழக்கே திரும்பியதும் நடப்பதை நான் எழுதி விளங்க வைக்க முடியாது. தென்மேற்குக் காற்று சரியாக முதுகில் கை வைக்கும். மிதிக்காமலே சைக்கிள் ஓடுகிறதோ என்று தோன்றும். பனங்காட்டு ஓசை மெல்லக் குறைந்து, நீங்களும் காற்றும் ஒரே வேகத்தில் போகிற ஒரு நிமிடம் வரும். அப்போது வெட்டவெளியில் அப்படி ஒரு நிசப்தம். தூரத்தில் ஆட்டு மணி கேட்கும். நான் இன்னும் ஆடியில் சைக்கிளை எடுப்பதே அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். கீழச்சிவல்பட்டி வந்ததே தெரியாது, பத்தரைக்கெல்லாம் திருமயம் போய்விடலாம். 1687இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது என்று சொல்லப்படும் கோட்டை. உச்சியில் பீரங்கி இருக்கும் மேட்டில் ஏறி நின்றால், நீங்கள் வந்த சமவெளி முழுக்கத் தெரியும், காற்று எவ்வளவு என்பதும் தெரியும். தொப்பியைக் கீழேயே வைத்துவிட்டு ஏறுங்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். திருமயம் இருப்பது புதுக்கோட்டை மாவட்டத்தில். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்ட மாவட்டம் இது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல்குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், ஆசிரியைகள் எல்லாம் தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு இதே காற்றில்தான் மிதித்தார்கள், கியர் இல்லாத கனத்த சைக்கிளில். என் சித்தி அரிமளம் பக்கம்; அந்த நாளில் கற்றுக்கொண்டவர். எதிர்காற்றில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “காத்து அடிக்கும்போது அதோட மல்லுக்கு நிக்காதே. அது மூச்சு வாங்குமில்ல, அப்ப மிதி” என்றார். இன்றைக்கு வரைக்கும் இதைவிட நல்ல உத்தி எனக்குக் கிடைக்கவில்லை. காற்று சீராக அடிப்பதில்லை, அலை அலையாக வரும். வேகத்தைப் பிடித்து நிறுத்த முயன்றால் ஒவ்வொரு அலைக்கும் தொடை எரியும். கியரை இறக்கி, காலின் சுழற்சியை மாற்றாமல், வேகம் குறைந்தால் குறையட்டும் என்று விடுங்கள். மீட்டரைப் பார்க்காதீர்கள், இத்தனை மணிக்கு இந்த ஊர் என்று மட்டும் பாருங்கள்.

உடம்பை வளைப்பதும் பெரிய உதவி. காற்றுத் தடையில் பெரும்பங்கு சைக்கிளால் வருவது கிடையாது, நம் உடம்பால் வருவது. முழங்கையை மடக்கி, மார்பை ஹேண்டில் பக்கம் இறக்கினாலே வித்தியாசம் தெரியும். படபடக்கும் சட்டை வேண்டாம். பையை முதுகில் மாட்டாமல் பின்கேரியரில் தாழ்வாகக் கட்டுங்கள்.

பக்கக்காற்றைப் பற்றிக் கவனமாகப் படியுங்கள், உயிர் சம்பந்தப்பட்டது இதுதான். திருமயத்திலிருந்து காரைக்குடிக்குத் தெற்கே வரும்போது காற்று உங்கள் வலது பக்கத்திலிருந்து, கொஞ்சம் முன்னால் அடிக்கும். விழாமல் இருக்க நீங்கள் அறியாமலே வலது பக்கம் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். அப்போது ஒரு பேருந்து பின்னாலிருந்து உங்களைத் தாண்டுகிறது. அது உங்களுக்கும் காற்றுக்கும் நடுவில் வந்த கணத்தில் காற்று அறுந்துவிடும். சாய்ந்திருந்த நீங்கள் பேருந்தின் பக்கமாகவே இழுபடுவீர்கள். அது தாண்டியதும் காற்று மறுபடி மொத்தமாக அடித்து இடது பக்கம் தள்ளும். இரண்டும் இரண்டு விநாடிக்குள் நடக்கும். எதிர்காற்றின் இரைச்சலில் பின்னால் வரும் வண்டிச் சத்தமும் காதில் விழாது. எனவே ஹேண்டிலில் ஒரு கண்ணாடி கட்டாயம். பெரிய வண்டி வருவது தெரிந்தால் மிதிப்பதை நிறுத்தி, ஹேண்டிலைத் தளர்வாக ஆனால் இரண்டு கையாலும் பிடித்து, இடது ஓரத்தில் ஒரு முழம் இடம் விட்டு ஓட்டுங்கள். சந்தேகமாக இருந்தால் இறங்கி நில்லுங்கள். வடக்கு நோக்கிப் போகும்போது இது தலைகீழ்: காற்று இடமிருந்து வந்து உங்களைச் சாலை நடுவுக்குத் தள்ளும். உங்கள் பழைய திட்டத்தில் காலை முதல் வேலையே அந்த வடக்குச் சாலைதான்.

இதனால்தான் தென்மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் திருமயத்தை விட்டுவிடச் சொல்வேன். மனசு கேட்காது, தெரியும். ஆனால் கீழச்சிவல்பட்டியிலேயே கிழக்கே திரும்பினால் இளையாற்றங்குடி, ஆத்தங்குடி என்று கிராமச் சாலையில் கானாடுகாத்தான் வந்துவிடலாம். பின்காற்று முழுக்கக் கூட வரும், பேருந்து குறைவு, வழியைக் கேட்டுக் கேட்டுப் போகலாம். ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றித் தரைக்கல் வார்ப்பதை நின்று பாருங்கள். அந்தச் சாலையில் இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். நம் நிலம் கிழக்கேயும் தென்கிழக்கேயும் சரிகிறது, அதனால் கண்மாய்க்குக் கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கம் இருக்கும். கரைக்குக் கீழே, கிழக்குப் பக்கமாக ஓடும் சாலையில் மேற்குக் காற்று உங்கள் தலைக்கு மேலே போய்விடும். அதே சாலை கரை மேல் ஏறினால் நேர்மாறு, காற்றின் முழு வேகமும் அங்கேதான். ஓய்வெடுப்பதானால் கரைக்குக் கீழே எடுங்கள்.

கானாடுகாத்தானில் மத்தியானத்தைக் கழிப்பது நல்லது. தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாலே காற்றை அந்த ஊர் எப்படிக் கையாண்டிருக்கிறது என்று தெரியும். முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில், நடுவே திறந்த வளவு (முற்றம்). ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள். வெளியே கண்ணில் புழுதி அடிக்கும் அதே காற்று, உள்ளே திண்ணையில் உட்கார்ந்தால் பதமாக வீசும். சில வீடுகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். ஆச்சிமார் யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுவிட்டு உள்ளே போங்கள், படம் எடுப்பதும் அப்படியே. மாலை 5 மணிக்குக் கிளம்பினால் காரைக்குடிக்குக் கடைசி 14 கிலோமீட்டர். காற்று இறங்கியிருக்கும், இருட்டுவதற்குள் போய்விடலாம்.

தண்ணீர் விஷயத்தில் காற்று ஏமாற்றும். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தாகமே தெரியாது, திடீரென்று தலை சுற்றும். தாகத்துக்குக் காத்திருக்காமல் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாலு மிடறு குடியுங்கள். உப்புப் போட்ட மோர், கம்பங்கூழ், இளநீர் எது கிடைத்தாலும் விடாதீர்கள். ஆடி வெள்ளி, ஞாயிறு என்றால் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள், உங்களையும் கூப்பிடுவார்கள்.

பஞ்சருக்குச் சீமைக்கருவேல முள் போதும். சாலை ஓரப் புழுதியில் புதைந்திருக்கும், டயரை ஓரம் இறக்கினால் ஏறும். கூடுதல் டியூப் இரண்டு, ஒட்டும் சாமான், கைப்பம்ப் மூன்றும் வேண்டும். உங்கள் சைக்கிளில் மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் கிராமத்துச் சைக்கிள் கடைப் பம்ப் பொருந்தாது. அதைச் சாதாரண பம்ப்புக்குப் பொருந்த வைக்கும் சின்ன அடாப்டர் விலை அதிகமில்லை, வாங்கி வால்விலேயே மாட்டி வையுங்கள். புழுதிக்குக் கண்ணாடியும், மூக்கை மூடத் துண்டும்.

காற்றின் அளவைக் கண்ணால் கணிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். புழுதியும் காகிதமும் கிளம்பினால் 20 முதல் 28 கிலோமீட்டர். சின்ன மரங்களே ஆடினால் 29 முதல் 38. அந்தக் காற்றில் எதிர்த்திசைப் பயணத்தை நான் ஆரம்பிக்க மாட்டேன். பெரிய கிளைகள் அசைந்தால் 40ஐத் தொட்டுவிட்டது, பக்கக்காற்றில் இறங்கித் தள்ளுவதுதான் சரி. மேற்கே கருமேகம் எழும்பி, அடித்துக்கொண்டிருந்த காற்று சட்டென்று நின்றாலோ திசை மாறினாலோ, இடிமழை வருகிறது என்று பொருள். தனி மரத்தடிக்கும் பனைக்கும் போகாதீர்கள், ஏதாவது கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு காற்றின் திசையை ஒருமுறை பாருங்கள். தென்மேற்கிலிருந்து பலமாக வீசும் என்றால் மேலே சொன்னபடி கீழச்சிவல்பட்டியில் கிழக்கே திரும்பும் வழி. நேர் மேற்கு என்றால் திருமயத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்: திருப்பத்தூரிலிருந்து போகும்போது காற்று இடது தோளுக்குப் பின்னால் இருக்கும், திரும்பும்போது முன்னால் வராது, பக்கத்தில்தான் வரும். அப்போதும் திரும்பும் வழியில் வரும் கானாடுகாத்தானில் 5 மணி வரை நிற்பதை மட்டும் மாற்றாதீர்கள்.